ஹேவ்லாக்கில் முதல் முக்குளிப்பு: தேனிலவு ஜோடிகளுக்கான ஸ்கூபா சேவை எப்படி இருக்கிறது?

அந்தமானுக்குத் தேனிலவு போகும் ஜோடிகளின் பயணத் திட்டங்களில் ஒரே தவறு திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது. ஓட்டல், கப்பல், கடற்கரையில் மெழுகுவர்த்தி விருந்து, கட்டில் மேல் பூ அலங்காரம் எல்லாம் முதலிலேயே முடிவாகியிருக்கும். கடைசி வரியில் ‘ஸ்கூபா டைவிங் உண்டு’ என்று ஒரு சொல் ஒட்டிக்கொண்டிருக்கும். எந்த இடத்தில், எத்தனை மீட்டர் ஆழத்தில், எத்தனை நிமிடம், ஆளுக்கு ஒரு பயிற்றுநரா, மறுநாள் விமானம் இருக்கிறதா என்ற எதற்கும் அதில் பதில் இருக்காது. அந்தமானின் ஹேவ்லாக் தீவில் மற்ற எதையும் நாள் மாற்றி வைத்துக்கொள்ளலாம். காற்றுச் சிலிண்டரோடு கடலுக்கடியில் போகும் இந்த டைவ் அப்படியில்லை. காற்று, கடல், உங்கள் காது, திரும்பும் விமானம் நான்கும் ஒத்துவர வேண்டும். அதனால் டைவுக்கான நாளை முதலில் குறித்துவிட்டு, மற்றவற்றை அதைச் சுற்றிக் கட்டுவதுதான் சரி.

பெயர்க் குழப்பத்தை முதலில் தீர்த்துவிடலாம். 2018 டிசம்பரிலிருந்து ஹேவ்லாக்கின் அரசுப் பெயர் ஸ்வராஜ் த்வீப், நீல் தீவின் பெயர் ஷஹீத் த்வீப். 2024 செப்டம்பரிலிருந்து போர்ட் பிளேர், ஸ்ரீ விஜயபுரம் ஆகிவிட்டது. டிக்கெட்டில் புதுப் பெயர் இருக்கும், ஆட்டோக்காரர் வாயில் பழைய பெயர் வரும். இங்கே பேச்சு வழக்கிலிருக்கும் பழைய பெயர்களையே எழுதுகிறோம்.

நாள் கணக்கு

சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்கு விமானத்தில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல். ஐந்து இரவு, ஆறு பகல் இருந்தால் நிம்மதியாகச் செய்யலாம். முதல் நாள் காலை விமானம், மதியம் செல்லுலார் சிறை, இரவு போர்ட் பிளேரில். இரண்டாம் நாள் காலைக் கப்பலில் ஹேவ்லாக், மாலை ராதாநகர் கடற்கரை. மூன்றாம் நாள் காலை டைவ். நான்காம் நாள் காலியாக இருக்கட்டும்: மூன்றாம் நாள் கடல் கொந்தளித்தாலோ மூக்கடைத்தாலோ அதுதான் மாற்று நாள், எல்லாம் நன்றாக நடந்தால் எலிஃபென்ட் பீச்சோ இரண்டாவது டைவோ. ஐந்தாம் நாள் நீல் தீவு வழியாகவோ நேராகவோ போர்ட் பிளேர் திரும்பி, ஆறாம் நாள் விமானம்.

இந்த வரிசைக்குக் காரணம் நைட்ரஜன். அழுத்தத்தில் சுவாசிக்கும்போது காற்றிலுள்ள நைட்ரஜன் வழக்கத்தைவிட அதிகமாக உடலில் கரைகிறது. மேலே வந்த பிறகு அது மெல்ல மெல்ல வெளியேற வேண்டும். விமானத்துக்குள் காற்றழுத்தம் ஒரு மலைவாசத்தலத்தில் இருப்பதைப் போலக் குறைவு. அந்த நிலையில் மிச்சமிருக்கும் நைட்ரஜன் குமிழாக மாறி மூட்டு, நரம்பு என்று எங்கும் சிக்கல் தரலாம். ஒரே ஒரு டைவ் என்றால் விமானம் ஏறும் முன் குறைந்தது 12 மணி நேரம், ஒன்றுக்கு மேற்பட்ட டைவ் அல்லது அடுத்தடுத்த நாள் டைவ் என்றால் குறைந்தது 18 மணி நேரம் என்பது டைவ் பாதுகாப்புக்கான பன்னாட்டு அமைப்பான டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க்கின் வழிகாட்டல். 24 மணி நேரம் விட்டால் கணக்கே போட வேண்டாம். ‘கடைசி நாள் காலை ஸ்கூபா, மதியம் விமானம்’ என்று எழுதித் தரும் ஏஜெண்டிடம் அந்தத் தாளைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

வந்து இறங்கிய அன்றே டைவ் வைப்பதும் நல்லதல்ல. கப்பல் குலுக்கலுக்கு அவோமின் போன்ற மாத்திரை போட்டிருப்பீர்கள். அது தூக்கத்தை வரவழைக்கும். தூக்கக் கலக்கத்தோடு நீருக்கடியில் போகக் கூடாது. கல்யாண அலைச்சலும் சேர்ந்திருக்கும். ஒரு முழு இரவு உறங்கி எழுந்த உடம்பு வேறு மாதிரி ஒத்துழைக்கும்.

கப்பலைப் பற்றிச் சுருக்கமாக: மக்ரூஸ், நாட்டிகா, கிரீன் ஓஷன் போன்ற தனியார் கப்பல்கள் ஒன்றரை முதல் இரண்டரை மணி நேரத்தில் சேர்த்துவிடும். போர்ட் பிளேரின் ஃபீனிக்ஸ் பே ஜெட்டியிலிருந்து (கப்பல் துறை) கிளம்பும் அரசுக் கப்பல் மலிவு, ஆனால் மெதுவாகப் போகும். எந்த ஜெட்டி என்று டிக்கெட்டில் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். அடையாள அட்டையில் உள்ள அதே பெயர் டிக்கெட்டிலும் இருக்க வேண்டும். கல்யாணத்துக்குப் பின் கணவர் பெயரைச் சேர்த்து முன்பதிவு செய்து, கையில் பழைய ஆதாரோடு ஜெட்டியில் நிற்கும் பெண்கள் வீணாகத் தவிக்கிறார்கள். குமட்டல் வரும் உடம்பு என்றால் பின்பக்க நடு இருக்கை கேளுங்கள். முன்பக்கம்தான் அதிகம் தூக்கிப் போடும்.

மூன்று வகைச் சேவை

பயிற்சி இல்லாதவர்களுக்கான டைவுக்கு ‘டிஸ்கவர் ஸ்கூபா டைவிங்’ என்று பெயர். கடைகளில் டிஎஸ்டி என்பார்கள். இது சான்றிதழ் படிப்பு அல்ல, அறிமுகம் மட்டுமே. பாடி (PADI) என்ற பன்னாட்டு டைவ் பயிற்சி அமைப்பின் விதிப்படி அதிகபட்ச ஆழம் 12 மீட்டர், குறைந்தபட்ச வயது 10. நீச்சல் தெரிய வேண்டியதில்லை என்றுதான் ஹேவ்லாக் கடைகள் எடுத்துக்கொள்கின்றன. அது உண்மையும்கூட, ஏனென்றால் மிதப்பதையும் திசையையும் பயிற்றுநரே பார்த்துக்கொள்கிறார். ஆனால் தண்ணீர் முகத்தில் பட்டாலே பதறுபவருக்கு இது சரிப்படாது. அதைச் சென்னையிலோ புதுச்சேரியிலோ நீச்சல் குளத்தில் முகத்தை அமிழ்த்திப் பார்த்து முன்பே தெரிந்துகொள்ளலாம்.

இந்த ஒரே பெயரில் மூன்று வேறு வேறு அனுபவங்கள் விற்கப்படுகின்றன என்பதுதான் சிக்கல். முதலாவது, போர்ட் பிளேருக்கு எதிரே நார்த் பேயில் நடப்பது. பேக்கேஜில் ‘இலவச ஸ்கூபா’ என்று வருவது பல நேரம் இதுதான். கூட்டம் அதிகம், வரிசை நீளம், பயிற்சி சில நிமிடம், நீருக்கடியிலும் சில நிமிடம். மீனைப் பார்த்தோம் என்று சொல்லிக்கொள்ளலாம்; டைவ் செய்தோம் என்று சொல்ல முடியாது. வாழ்க்கையின் முதல் டைவை இங்கே செலவழிக்க வேண்டாம் என்பது எங்கள் உறுதியான கருத்து. பேக்கேஜில் இருந்தால் அதை எடுத்துவிடச் சொல்லி, பணத்தைக் கழித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, ஹேவ்லாக்கில் கரையிலிருந்தே இறங்கும் டைவ். பெரும்பாலும் கோவிந்த் நகர் பக்கமுள்ள நீமோ ரீஃபில். இடுப்பளவு, மார்பளவு நீரில் பயிற்சி. பிறகு சரிவாக இறங்கும் மணல் தரையோடு 5 முதல் 8 மீட்டர் வரை போவது. ஒருவருக்குச் சுமார் 3,500 முதல் 4,500 ரூபாய். பயம் உள்ளவர்களுக்கு இதுதான் மிகச் சிறந்தது, ஏனென்றால் வேண்டாம் என்று தோன்றினால் காலை ஊன்றி எழுந்து நின்றுவிடலாம். குறைகளும் உண்டு. டிசம்பர், ஜனவரியில் காலை 8 முதல் 11 வரை கூட்டம் அலைமோதும். நூறு ஜோடிக் கால்கள் கிளப்பிய மணலில் நீர் கலங்கிப் பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியாது. நீர் வற்றும் நேரத்தில் கல்லும் செத்த பவளமும் கிடக்கும் தரையில் நெடுந்தூரம் நடக்க வேண்டும், அதுவும் முதுகில் சிலிண்டரோடு. இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான்: அன்றைய நீரேற்ற நேரத்தைக் கேட்டு, அதையொட்டி வரும் மிக முந்தைய நேரத்தைப் பிடிப்பது. அந்தமானில் விடிகாலை 5 மணிக்கே வெளிச்சம் வந்துவிடுகிறது. 6 மணிக்கு இறங்கும் குழுவுக்குத் தெளிந்த நீர் கிடைக்கும்.

மூன்றாவது, படகில் போய் இறங்குவது. இரண்டு மூன்று ஆயிரம் கூடுதல் செலவு. லைட்ஹவுஸ், அக்வேரியம் போன்ற ஆழம் குறைந்த இடங்களுக்கு ஆரம்பக்காரர்களை அழைத்துப் போவார்கள். பவளம் இங்கே ஆரோக்கியமாக இருக்கிறது, மீன்கள் பெரிது, கூட்டம் குறைவு. பார்க்கக் கிடைப்பதில் கரையோர டைவுக்கும் இதற்கும் ஒப்பீடே இல்லை. ஆனால் படகு ஆடும், குமட்டல் வரும், பயிற்சி எடுக்க நிற்கும் தரை கிடையாது. அதனால் சில நல்ல கடைகள் முதலில் கரையில் பயிற்சி கொடுத்துவிட்டு, பிறகு படகில் ஏற்றுகின்றன. இப்படிச் செய்யும் கடை கிடைத்தால் விலை பார்க்காமல் பிடித்துக்கொள்ளுங்கள். டிக்சன்ஸ் பினக்கிள், ஜானிஸ் கார்ஜ் என்று இணையத்தில் புகழப்படும் இடங்கள் சான்றிதழ் பெற்றவர்களுக்கானவை. ஆரம்பக்காரரை அங்கே கூட்டிப் போகிறேன் என்று யாராவது சொன்னால் அது பெருமையல்ல, எச்சரிக்கை.

நாம் கொடுக்கும் பணம் மீனுக்கு அல்ல, இறங்கும் முன் ஆழமில்லாத நீரில் கிடைக்கும் அந்த அரை மணி நேரத்துக்கு. ஒரு கடை நல்லதா என்று தீர்மானிக்க எங்களுக்குத் தெரிந்த ஒரே அளவுகோல் இதுதான். அதைப் பத்து நிமிடத்தில் முடிப்பவர், மீதி நேரத்தையும் கெடுத்துவிடுகிறார்.

அந்த அரை மணி நேரத்தில் என்ன நடக்க வேண்டும்

முதலில் மருத்துவக் கேள்வித்தாள். ஆஸ்துமா, வலிப்பு, இதய நோய், நுரையீரல் பிரச்சினை, காது அறுவை, இன்சுலின் போடும் சர்க்கரை நோய், அண்மை அறுவை சிகிச்சை ஆகியவற்றில் ஒன்றுக்கு ‘ஆம்’ என்று வந்தாலும் மருத்துவரின் தகுதிச் சான்று கேட்பார்கள். அதை ஊரிலேயே வாங்கி வர வேண்டும். ஹேவ்லாக்கில் அலைய முடியாது. கர்ப்பமாக இருந்தாலும், இருக்கலாம் என்ற ஐயம் இருந்தாலும் டைவ் கூடாது. தேனிலவு ஜோடிகள் இதைக் கட்டாயம் யோசிக்க வேண்டும். நாள் தள்ளியிருந்தால் பரிசோதித்துவிட்டு இறங்குங்கள். மாதவிடாய் தடையல்ல. படிவத்தை வாசிக்க விடாமல் ‘எல்லாத்துக்கும் நோ போடுங்க’ என்று அவசரப்படுத்தும் கடையிலிருந்து அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடலாம்.

அடுத்து, கண்ணையும் மூக்கையும் மூடும் மாஸ்க். பட்டியை மாட்டாமல் முகத்தில் வைத்து மூக்கால் லேசாக உள்ளிழுங்கள். கையை எடுத்தாலும் ஒட்டி நின்றால் அது உங்கள் அளவு. இடையில் ஒரு முடி சிக்கினாலும் நீர் கசியும். தடித்த மீசை உள்ள மாப்பிள்ளைகளுக்கு மேல் உதட்டுப் பக்கம் கசிவு நிச்சயம். மூக்கின் அடியை ஒட்டி ஒரு கோடு மட்டும் கத்தரித்துக்கொண்டாலே போதும், மீசையை எடுக்க வேண்டியதில்லை. வாசலின் தடவச் சொன்னால் வேண்டாம், அது சிலிக்கானைக் கெடுக்கும். கண்ணாடி அணிபவர்கள் பவர் உள்ள மாஸ்க் இருக்கிறதா என்று முன்கூட்டியே கேட்கலாம். மென்மையான கான்டாக்ட் லென்ஸ் போட்டும் இறங்கலாம்.

நகைகளைப் பற்றியும் ஒரு சொல். நீரில் விரல் சற்றுச் சுருங்கும். புது மோதிரம் எப்போது கழன்றது என்றே தெரியாது. மணலில் தேடிக் கண்டுபிடிப்பதும் நடக்காது. மோதிரம், வளையல், தொங்கட்டான் எல்லாம் அறைப் பெட்டியிலேயே இருக்கட்டும். மெட்டி போட்டபடி துடுப்புக் காலணி மாட்டினால் விரல் நசுங்கும்; கழற்றும்போது மெட்டியும் சேர்ந்து போகும். தாலியைக் கழற்ற மனம் வராதவர்கள் அதை வெட்சூட்டுக்குள் (டைவுக்கு அணியும் இறுக்கமான உடை) விட்டு, கழுத்து வரை ஜிப்பை ஏற்றிக்கொள்ளலாம். வெளியே தொங்கினால் பட்டிகளில் சிக்கும். தலைமுடியை இறுக்கமாக ஒற்றைப் பின்னலாகத் தாழப் பின்னுங்கள்; உச்சிக் கொண்டையில் மாஸ்க் பட்டி நிற்காது.

கருவிகளை நீங்களும் பார்க்கலாம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. சிலிண்டரின் காற்றழுத்தத்தைக் காட்டும் அழுத்தமானியில் 200 பார் (அழுத்த அலகு) அல்லது அதையொட்டி இருக்க வேண்டும். முள்ளைப் பார்த்தபடியே, வாயில் கடித்துக் காற்று இழுக்கும் ரெகுலேட்டரில் மூன்று மூச்சு இழுங்கள். இழுக்கும்போதெல்லாம் முள் கீழே விழுந்து திரும்ப ஏறினால் சிலிண்டர் வால்வு முழுதாகத் திறக்கப்படவில்லை என்று பொருள். கரையில் சரியாக வரும் காற்று ஆழத்தில் போதாமல் போகும். காற்றில் எண்ணெய் வாடையோ புகை வாடையோ இருந்தால் அந்தச் சிலிண்டர் வேண்டாம். கடிக்கும் ரப்பர் கிழிந்திருந்தால் மாற்றச் சொல்லுங்கள். மஞ்சள் நிறத்தில் இரண்டாவது ரெகுலேட்டர் ஒன்று தொங்க வேண்டும், அவசரத்துக்கு அதுதான்.

இப்போது நீரில். குறைந்தது நான்கு காரியங்களை நீங்களே செய்து காட்டும் வரை பயிற்றுநர் ஆழத்துக்கு அழைத்துப் போகக் கூடாது.

வாயால் மட்டும் மூச்சு. கேட்க எளிது, ஆனால் மாஸ்க்குக்குள் மூக்கால் விடும் பழக்கம் போக ஐந்து நிமிடம் பிடிக்கும். மூக்கால் விட்டால் மாஸ்க்கில் பனி படரும், ஓரத்தில் நீர் நுழையும். ஒருபோதும் மூச்சை அடக்கக் கூடாது. டைவிங்கில் முதல் விதி இது. 10 மீட்டரில் அழுத்தம் மேலே இருப்பதைப் போல இரண்டு மடங்கு. அங்கே நுரையீரல் நிறைய இழுத்த காற்று, அடக்கியபடி மேலே வந்தால் இரண்டு மடங்காக விரியும். பதற்றத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு மேலே பாய்பவருக்குத்தான் பெரிய ஆபத்து. சீராக மூச்சு விட்டுக்கொண்டே நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மிகாமல் ஏறினால் பயமில்லை.

மாஸ்க்கில் நீர் புகுந்தால் வெளியேற்றுவது. மேல் விளிம்பை நெற்றியில் அழுத்தி, தலையைச் சற்று உயர்த்தி, மூக்கால் நீளமாக ஊதினால் நீர் அடிவழியே போய்விடும். ஆரம்பக்காரர்கள் பலர் தோற்பது இங்கேதான்: பதறி மூக்கால் இழுத்துவிடுகிறார்கள், புரையேறுகிறது, மேலே ஓடப் பார்க்கிறார்கள். ஆழமில்லாத நீரில் இதை மூன்று முறை சரியாகச் செய்துவிட்டால் பாதிப் பயம் போய்விடும்.

ரெகுலேட்டர் வாயிலிருந்து கழன்றால் மீண்டும் மாட்டுவது. கழன்ற நொடியிலிருந்து சிறுசிறு குமிழாக விட்டுக்கொண்டே இருந்து, திரும்ப வாயில் வைத்ததும் ஒருமுறை ஊதி நீரைத் தள்ளிய பிறகே இழுக்க வேண்டும். ஊத மூச்சில்லை என்றால் நடுப் பொத்தானை அழுத்தினால் காற்றே நீரைத் தள்ளிவிடும்.

நான்காவது, காது. டைவ் பாதியில் நிற்கப் பெரும்பாலும் இதுதான் காரணம். மூக்கைப் பிடித்து, வாயை மூடி, மென்மையாக ஊதிக் காதுக்குள் அழுத்தத்தைச் சமன் செய்ய வேண்டும். வலிக்கத் தொடங்கிய பிறகு செய்தால் பலிக்காது. தலை மூழ்கிய உடனே தொடங்கி, ஒவ்வொரு அரை மீட்டருக்கும் செய்துகொண்டே இறங்க வேண்டும். அழுத்த மாற்றம் அதிகம் தெரிவது முதல் சில மீட்டரில்தான். அதைத் தாண்டினால் எளிதாகிவிடும். வலித்தால் பயிற்றுநருக்குக் காதைக் காட்டி, ஒரு மீட்டர் மேலே ஏறி, மீண்டும் முயல வேண்டும். பலம் கொண்ட மட்டும் ஊதக் கூடாது, செவிப்பறை பாதிக்கும். சளியும் மூக்கடைப்பும் இருந்தால் டைவைத் தள்ளிப்போடுங்கள். மாத்திரையால் மூக்கைத் திறந்துகொண்டு இறங்குவது இன்னும் மோசம்: கீழே இருக்கும்போது மருந்தின் வேகம் குறைந்தால், ஏறும்போது உள்ளே அடைபட்ட காற்று வெளியேற வழியிருக்காது.

சைகைகளில் நம்மவர்கள் தவறாமல் சிக்குவது கட்டைவிரல். கரையில் அது ‘சூப்பர்’. நீருக்கடியில் ‘மேலே போகலாம்’. மகிழ்ச்சியில் கட்டைவிரலைக் காட்டியவரைப் பயிற்றுநர் மேலே கூட்டி வந்துவிடுவார், டைவ் அதோடு முடிந்துபோகும். நன்றாக இருக்கிறேன் என்பதற்குக் கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் சேர்ந்த வட்டம்தான். விளக்கம் எந்த மொழியில் தருவார்கள் என்று முன்பே கேளுங்கள். போர்ட் பிளேரில் தமிழ் தாராளமாகப் புழங்கும். ஹேவ்லாக் பெரும்பாலும் வங்காளிகள் குடியேறிய ஊர். கடைகளில் இந்தியும் ஆங்கிலமும்தான் முதலில் வரும். கேட்டால் தமிழ் பேசும் பயிற்றுநரை ஒதுக்கித் தரும் கடைகளும் உண்டு. பயத்தில் இருக்கும்போது தாய்மொழியில் கேட்ட சொல்தான் நினைவில் நிற்கும். அந்தமானின் வடக்கே மாயாபந்தர் பக்கமிருந்து வரும் கரேன் இனத்து டைவர்கள் யாராவது உங்களுக்கு அமைந்தால், மொழி கொஞ்சம் இடித்தாலும் கவலை வேண்டாம். 1920-களில் பர்மாவிலிருந்து வந்து குடியேறிய அந்தச் சமூகத்தினர் கடலோடு வளர்ந்தவர்கள், நீருக்கடியில் அவர்களுடைய நிதானம் தனி.

எத்தனை நிமிடம் கிடைக்கும்?

‘45 நிமிடம்’ என்று விளம்பரத்தில் இருக்கும். எது முதல் எது வரை என்று இருக்காது. சில கடைகள் பயிற்சியையும் அதில் சேர்த்துக் கணக்கிடும். வழக்கமான சிலிண்டர் சுமார் 11 லிட்டர். 200 பாரில் 2,200 லிட்டர் காற்று. 50 பார் மிச்சம் வைத்து ஏற வேண்டும் என்பதால் பயன்படுத்தக் கிடைப்பது சுமார் 1,650 லிட்டர். நிதானமாகச் சுவாசிப்பவர் மேற்பரப்பில் நிமிடத்துக்கு 20 லிட்டர் என்றால், 10 மீட்டரில் அது 40 ஆகும். 40 நிமிடம் தாங்கும். பதற்றத்தில் 35 லிட்டர் இழுப்பவருக்கு அங்கே 70. இருபது நிமிடம் தாண்டியதுமே காற்று தீரத் தொடங்கும். பயிற்சியிலும் இதே சிலிண்டர்தான் செலவாகிறது. ஆக நீருக்கடியில் 25 முதல் 30 நிமிடம் கிடைத்தால் அது நேர்மையான சேவை. ‘சீக்கிரம் மேலே கொண்டுவந்துட்டாங்க’ என்று குறை எழுதும் முன் அழுத்தமானி எவ்வளவு காட்டியது என்று நினைத்துப் பாருங்கள்.

ஜோடியாக இறங்குவது

கைகோத்தபடி முழு டைவும் போகலாம் என்ற கற்பனையைக் கரையிலேயே விட்டுவிடுங்கள். ஆளுக்கு ஒரு பயிற்றுநர் என்பதை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். இருவரையும் ஒருவரே இழுத்துப் போனால், ஒருவர் காது வலியில் நிற்கும்போது மற்றவரும் நிற்க வேண்டும், அல்லது கவனிப்பில்லாமல் மிதக்க வேண்டும். தனித்தனிப் பயிற்றுநர் இருந்தால் அவரவர் வேகத்தில் இறங்கி, கீழே ஒரு பவளத் திட்டில் சந்திக்கலாம்; கைகோத்துப் படம் எடுத்துக்கொள்ளலாம்.

ஒருவர் பயந்து பயிற்சியிலேயே நின்றுவிட்டால் மற்றவர் வற்புறுத்தக் கூடாது, கேலியும் கூடாது. நீருக்கடியில் போகச் சம்மதம் ஒவ்வொருவரும் தனக்குத்தானே கொடுத்துக்கொள்ள வேண்டியது. நின்றவரை அடுத்த நாள் எலிஃபென்ட் பீச்சில் ஸ்நார்கெல்லிங் அழைத்துப் போகலாம். லைஃப் ஜாக்கெட் போட்டு மேலே மிதந்தபடியே நீமோ என்கிற கோமாளி மீன்களைப் பார்த்துவிடலாம்.

படமும் வீடியோவும் பல கடைகளில் கட்டணத்துக்குள் வரும். ஆழம் கூடக் கூட நீர் முதலில் விழுங்குவது சிவப்பு நிறத்தை. ஐந்தாறு மீட்டரிலேயே மருதாணிச் சிவப்பு பழுப்பாகத் தெரியும். ஆகப் படத்தில் நிறம் வேண்டுமென்றால் மஞ்சளோ வெளிர்நிறமோ அணியுங்கள். பதிவுகளை அன்றைக்கே போனுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். பிறகு அனுப்புகிறோம் என்றால் தாமதம்தான். தீவில் இணைய வேகத்தை நம்பிக் காத்திருக்க வேண்டியதில்லை.

கீழே பார்க்கக் கிடைப்பவை: கடல் அனிமோனின் விரல்களுக்குள் ஒளிந்து விளையாடும் கோமாளி மீன்கள், பவளத்தைக் கரகரவென்று கொரிக்கும் கிளி மீன்கள் (அந்தச் சத்தம் உண்மையிலேயே கேட்கும்), மணலில் கிடக்கும் கடல் அட்டைகள், நல்ல நாளாக இருந்தால் ஒரு திருக்கை. எதையும் தொடக் கூடாது. கல் என்று நினைத்து ஊன்றிய கைக்குக் கீழே விஷ முள் மீன் இருக்கலாம்; பவளமும் நம் கை பட்டால் சாகலாம். 2010-இல் கடல் சூடேறி அந்தமான் பவளம் பெருமளவு வெளுத்துப்போனது. மிச்சமிருப்பதும் மீண்டு வருவதும்தான் நாம் பார்ப்பது. சிப்பி, பவளத் துண்டு எதையும் பையில் போட்டு வராதீர்கள். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி பவளத்தை எடுத்துச் செல்வது குற்றம், விமான நிலையச் சோதனையில் மாட்டும்.

தங்குமிடமும் பருவமும்

டைவ் கடைகளில் பல, கிழக்குக் கரையில் 3-ஆம், 5-ஆம் எண் கடற்கரைகளை ஒட்டியே இருக்கின்றன. விடிகாலை டைவுக்கு முந்தைய இரவு அங்கே தங்குவது வசதி. சூரிய உதயம் அழகு, ஆனால் நீர் வற்றினால் வெகுதூரம் சேறும் கல்லுமாகக் கிடக்கும். குளிக்க ஏற்ற நேரம் குறைவு. 7-ஆம் எண் என்கிற ராதாநகர் மேற்குப் பக்கம். வெண்மணல், நீண்ட கரை, அந்தி வேளை எல்லாம் அங்கேதான். 2020-இல், தூய்மையான கடற்கரைகளுக்குத் தரப்படும் நீலக்கொடிச் சான்று பெற்றது. டிசம்பரில் மாலை 5 மணிக்கெல்லாம் சூரியன் இறங்கிவிடும், நம் ஊர் நினைப்பில் ஆறு மணிக்குப் போனால் இருட்டுதான். ராதாநகரின் ஓரத்திலுள்ள நீல்ஸ் கோவ் பக்கம் முதலை எச்சரிக்கை உண்டு; உயிர்காப்பாளர் காட்டும் எல்லைக்குள் மட்டும் குளியுங்கள்.

ஜனவரி முதல் ஏப்ரல் வரை கடல் தெளிவாகவும் அமைதியாகவும் இருக்கும்; நீரும் 27 டிகிரிக்குக் கீழே அரிதாகத்தான் போகும். கூட்டமும் விலையும் குறைந்து கடல் இன்னும் தெளிவாக இருக்கும் பிப்ரவரி பிற்பகுதியும் மார்ச்சும் எங்கள் தேர்வு. தை மாதக் கல்யாணக்காரர்களுக்கு இது அழகாகப் பொருந்தும். மே பிற்பகுதியிலிருந்து தென்மேற்குப் பருவமழை. கப்பல்கள் ரத்தாகும், நீர் கலங்கும். ஆவணியில் கல்யாணம் முடித்து ஸ்கூபாவே நோக்கம் என்று கிளம்புபவர்கள் அந்தமானை விட்டுவிட்டு இலங்கையின் திருகோணமலைப் பக்கம் பார்க்கலாம். நிலாவெளிக் கடலும் எதிரேயுள்ள புறாத் தீவும் அந்த மாதங்களில்தான் அமைதியாக இருக்கும், பேசவும் தமிழே போதும்.

மூன்று நான்கு நாளை ஒதுக்க முடிந்தவர்களுக்கு ஓப்பன் வாட்டர் சான்றிதழ் இன்னும் நல்ல முதலீடு: 18 மீட்டர் வரை போகலாம், உலகில் எங்கும் செல்லும். அதற்கு 200 மீட்டர் நீச்சலும் பத்து நிமிட மிதப்பும் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் அந்த நாட்கள் முழுக்கப் பாடமும் பயிற்சியுமாகவே போய்விடும். இருவருக்கும் சம ஆர்வம் இருந்தால் மட்டும் எடுங்கள்.

பணம் கட்டும் முன் தொலைபேசியில் கேட்க வேண்டியவை: பயிற்றுநர் எந்த அமைப்பின் சான்று பெற்றவர்? ஆளுக்கு ஒருவரா? ஆழமற்ற நீரில் பயிற்சி எத்தனை நிமிடம்? படகிலோ கரையிலோ அவசர ஆக்சிஜன் இருக்கிறதா? சிக்கல் வந்தால் போர்ட் பிளேருக்கு எப்படிக் கொண்டுபோவீர்கள்? கடல் சரியில்லாமல் நீங்கள் ரத்து செய்தால் முழுப் பணமும் திரும்பி வருமா, பயிற்சியிலேயே நாங்கள் நிறுத்திக்கொண்டால் எவ்வளவு வரும்? நல்ல கடைக்காரர் இவற்றுக்கு யோசிக்காமல் பதில் சொல்வார். ‘அதெல்லாம் ஒண்ணும் ஆகாது சார், வாங்க பார்த்துக்கலாம்’ என்று ஒருவர் சொன்னால், அடுத்த எண்ணை அழையுங்கள்.